கைமாற்று

டூயிஸ்பூர்க்கின் வடக்கு. இரவு இரண்டு ஐம்பது.
கலனுக்குள் முதலில் பழைய இரும்பு விழுகிறது:
தண்டவாளத் துண்டு, நசுங்கிய கார்க்கதவு,
யாரோ மிதித்து அலுத்த சைக்கிள் சட்டம்.
அதன்மேல் இருநூற்றைம்பது தொன்
உருகிய இரும்பு.
ஊற்றும்போது கிளம்பும் கரித்தூள்
விளக்கடியில் மினுங்கி இறங்குகிறது,
கலியாண மண்டபத்தில் மறுநாள் கூட்டும் ஜிகினாபோல.

கலன் நிமிர்ந்ததும் ஈட்டியை இறக்குகிறேன்.
உள்ளே தண்ணீர் ஓடும் செப்பு மூக்கு
உலோகத்தைத் தொடாது; இரண்டு மீற்றர் மேலேயே நிற்கும்.
அங்கிருந்து ஒட்சிசன்,
ஒலியைப்போல் இரண்டு மடங்கு வேகத்தில்.
விறகில்லை, எரிவாயு இல்லை.
தன்னிடம் உள்ளதை எரித்தே
இரும்பு தன்னைச் சூடாக்கிக்கொள்கிறது.

ஒட்சிசன் காபனைத் தேடிப் போகிறது
என்றுதான் பயிற்சியில் சொன்னார்கள்.
அவசரத்தில் சொன்ன உண்மை அது.
அது யாரையும் தேடுவதில்லை.
கடைசி ட்ராமில் ஏறிய குடிகாரன்
பக்கத்தில் நிற்பவர் தோளில் சாய்வதுபோல
எதிர்ப்பட்டதைப் பிடிக்கிறது.
எதிர்ப்படுவதோ இரும்பு,
நூறில் தொண்ணூற்றைந்து அதுதானே.

ஆக, முதலில் எரிவது இரும்பு.
ஒரு கணம் துருவாகிறது,
மறுகணம் காபனைக் கண்டதும்
வாங்கியதைக் கொடுத்துவிட்டுத்
திரும்ப இரும்பாகிறது.
பத்திரமில்லை, சாட்சியில்லை. கைமாற்று.
வாங்கிய காபனோ
சீட்டுக்காசோடு ஊரைவிட்டுப் போனவன்போல
வாயுவாகிப் புகைக்கூண்டில் ஏறிவிடும்.

தொடக்க நிமிடங்கள் சிலிக்கனுடையவை. அலறல்.
பிறகு சுண்ணாம்பு கரைந்து கசடு நுரைத்து
ஈட்டியின் வாயைப் பொத்தும்.
அலறல் முனகலாகும்போது
ஊடோ தன் ரொட்டிப் பொதியைப் பிரிப்பான்.
'தூங்கிட்டா' என்பான், கலனைப் பார்த்து.

இன்றிரவு பதினைந்தாம் நிமிடத்தில்
அளவெடுக்கும் துணை ஈட்டி
பாதி வழியில் சிக்கியது.
திரையில் காபனுக்கான கட்டத்தில்
ஒரு கோடு மட்டும்.
ஊடோ மென்றதை விழுங்கவில்லை.

நிறுத்தினால் சூடு போகும்.
நிறுத்தாவிட்டால்
கைமாற்று வாங்க ஆளில்லாத துரு
துருவாகவே நின்றுவிடும்,
நல்ல இரும்பு கசடோடு போகும்.

புகைக்கூண்டு வாயுவின் வளைகோடு மட்டுமே மிச்சம்.
பத்து நிமிடமாய் மேசைபோல் தட்டையாய்க் கிடந்தது,
விளிம்பில் லேசாய்ச் சாய்ந்தது.
கமராவில், மூடிக்கும் கலன்வாய்க்கும் நடுவே
சுடர் குட்டையாகித் தடுமாறியது.
கணினி இன்னும் அரை நிமிடம் என்றது.
நான் ஈட்டியை உயர்த்தினேன்.

மாதிரிக்குக் கலனைச் சரித்தார்கள்.
ஆய்வுகூடத்திலிருந்து எண் வர நான்கு நிமிடம்.
அதற்குள் ஊடோவின் கோப்பி ஆறி
மேலே ஆடை கட்டிவிட்டது.

பூச்சியம் தசம் பூச்சியம் ஐந்து எட்டு.
வேண்டியது நாலு ஐந்து.
முந்திவிட்டேன்.
கணினி சொன்னதே சரி.
ஊடோ சிரிக்கவில்லை, அது அவன் நாகரிகம்.
மறுபடி ஈட்டி. இருபது வினாடி.

வாளிக்கு வந்த உருக்கில்
ஒட்சிசன் மிச்சம் கரைந்து கிடக்கும்.
வேலை முடிந்தும் போகாத விருந்தாளி.
அப்படியே வார்த்தால்
உறையும்போது கொப்புளம் கொப்புளமாய்ப் பொங்கும்.
அதற்குத்தான் அலுமினியம்.
ஆங்கிலத்தில் இதைக் கொல்லுதல் என்கிறார்கள்.
இங்கே அமைதிப்படுத்துதல்.
உங்கள் மொழியில் என்ன, என்றான் ஊடோ.
அப்படியொரு சொல்லை யாரும் எனக்குச் சொல்லித்தந்ததில்லை.
ஆற்றுதல், என்றேன்.
பாலையும் அப்படித்தான். அழுகிற ஆளையும் அப்படித்தான்.
'ஆட்ரு' என்று சொல்லிப் பார்த்தான்,
றகரம் அவன் பல்லில் சிக்கிக்கொண்டது.

பதிவேட்டில்:
துணை ஈட்டி பழுது, 03.07.
மறு ஊதல் இருபது வினாடி. காரணம்: அவசரம்.
ஊதியவர்: ப. மதுரிகா.
அடுத்த கலன் மூன்று நாற்பதுக்கு.